எல்லையோர ஊர்களின் ரக்பி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட்டில்தான் போய் நிற்போம். இன்று கொஞ்சம் தள்ளிப் போகலாம். ஸ்காட்லாந்தின் தெற்கு ஓரத்தில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிச் சில சிறு நகரங்கள் இருக்கின்றன. ஹாயிக், காலாஷீல்ஸ், மெல்ரோஸ், ஜெட்பர்க், கெல்சோ, செல்கர்க், லாங்கம். இவற்றில் பெரியது ஹாயிக். அதன் மக்கள்தொகையே ஏறத்தாழ 14,000தான். மெல்ரோஸில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். நம் கணக்கில் ஒரு பேரூராட்சிகூடத் தேறாது. இந்த ஊர்க்காரர்கள் 1901இல் தங்களுக்குள் ஒரு ரக்பி லீக், அதாவது புள்ளிப் பட்டியல் போட்டு நடத்தும் தொடர் போட்டி, தொடங்கினார்கள். 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் ஆட்டத்தில் இன்றுவரை இருக்கும் லீக்குகளில் உலகிலேயே பழையது அதுதான். பார்டர் லீக் என்று பெயர்.

முதலில் சேர்ந்தவை ஐந்து கிளப்புகள்: காலா (காலாஷீல்ஸ் ஊர்க் கிளப்), ஹாயிக், ஜெட்-ஃபாரஸ்ட் (ஜெட்பர்க் ஊர்க் கிளப்), லாங்கம், மெல்ரோஸ். 1912இல் கெல்சோவும் செல்கர்க்கும் வந்தன. அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு அதே ஏழுதான். பீபிள்ஸ் 1996இல்தான் வந்து சேர்ந்தது.

1901இல் லீக் தொடங்குவது அத்தனை சாதாரணமான காரியம் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான், 1895இல், ரக்பி உலகம் இரண்டாகப் பிளந்திருந்தது. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை உண்டு. ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. போன கூலியையாவது கிளப் கொடுக்கட்டும் என்று கேட்டார்கள். சங்கத்தை நடத்திய கனவான்கள் முடியாது என்றார்கள். வடக்குக் கிளப்புகள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் வைத்தன. 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் அதிலிருந்து வளர்ந்ததுதான்; இங்கே லீக் என்பது ஆட்டத்தின் பெயர்.

இதைப் பார்த்த எடின்பரோவின் ஸ்காட்லாந்து ரக்பிச் சங்க நிர்வாகிகளுக்குப் புள்ளிப் பட்டியல் என்றாலே பயம். பட்டியல் போட்டால் போட்டி சூடுபிடிக்கும், கூட்டம் வரும், வாசலில் காசு சேரும், காசைப் பார்த்தால் ஆட்டக்காரன் கை நீட்டுவான் என்பது அவர்கள் கணக்கு. தலைநகரில் ஆடியவை பெரும்பாலும் பெரிய பள்ளிகளின் பழைய மாணவர் கிளப்புகள். நட்புமுறை ஆட்டம் போதும் அவர்களுக்கு. எல்லையோர ஊர்கள் அப்படி இல்லை. காலாஷீல்ஸிலும் செல்கர்க்கிலும் ட்வீட் துணி ஆலைகள். ஹாயிக்கில் பின்னலாடை ஆலைகள். ஆலை வேலை முடிந்து மைதானத்துக்கு வந்த கூட்டத்துக்கு, பக்கத்து ஊரை ஜெயித்தோமா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். அதனால் மேலிடம் முகம் சுளித்தாலும் அவர்கள் லீக்கை நடத்தினார்கள். மேலிடம் மனம் மாற வெகுகாலம் ஆயிற்று: ஸ்காட்லாந்து தேசிய லீக் தொடங்கியது 1973இல், இங்கிலாந்து தொடங்கியது 1987இல்.

அந்த மேலிடத்தின் குணத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். 1928இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஒரு பன்னாட்டுப் போட்டியைப் பார்க்க வந்தவர், ஸ்காட்லாந்து வீரர்கள் முதுகில் ஏன் எண் இல்லை என்று கேட்டாராம். இது ரக்பி ஆட்டம், மாட்டுச் சந்தை இல்லை என்று சங்கத்தின் பெரியவர் அய்க்மன் ஸ்மித் பதில் சொன்னாராம். மன்னரிடமே அந்த மிடுக்கு என்றால் ஆலைத் தொழிலாளியிடம் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, ஊர்ப்பகைக்கு வருவோம். இந்த லீக்கின் உயிரே அதுதான். நம் ஊர்ப்பக்கம் கபடியில் அடுத்த கிராமத்திடம் தோற்றுவிட்டு மறுநாள் டீக்கடைக்குப் போவது எத்தனை கஷ்டமோ, அதே கஷ்டம்தான் அங்கேயும். ஊருக்கும் ஊருக்கும் இடையே கார் பயணம் பெரும்பாலும் அரை மணி நேரம். ஒரே ஆலையில் வேலை, ஒன்றுக்குள் ஒன்று கல்யாணம், ஆனால் மைதானத்தில் மட்டும் ஒட்டுறவு கிடையாது. காலாவும் மெல்ரோஸும் ஆரம்பத்தில் சேர்ந்தே ஆடியவர்கள். 1877இல் பிரிந்தார்கள். பிரிந்த வேகத்தில் மெல்ரோஸ் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோல்போஸ்ட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று காலாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஜெட்பர்க்கில் ரக்பிக்கும் முந்திய ஓர் ஆட்டம் உண்டு. ஊரின் மேற்பகுதிக்காரர்களும் கீழ்ப்பகுதிக்காரர்களும் ஒரு சிறு பந்துக்காகத் தெருத்தெருவாக முட்டி மோதுவார்கள்; கடைக்காரர்கள் கண்ணாடிக்கு முன்னால் பலகை அடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஸ்க்ரம்முக்கு, அதாவது இரு அணியினரும் தோளோடு தோள் கோத்துப் பந்துக்காக முட்டித் தள்ளுவதற்கு, ஆள் தேட வேண்டியதில்லை.

மெல்ரோஸ் உலகத்துக்குக் கொடுத்த ஒன்றைச் சொல்லாமல் போனால் ரக்பி தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1883, கிளப்பில் காசில்லை. நெட் ஹேக் என்ற கசாப்புக் கடைத் தொழிலாளி, அதே கிளப்பின் ஆட்டக்காரர், ஒரு யோசனை சொன்னார். ஒரே நாளில் பல அணிகளைக் கூட்டிப் போட்டி நடத்தினால் நல்ல வசூல் ஆகும். ஆனால் 15 பேர் ஆடும் முழு ஆட்டத்தை ஒரே பிற்பகலில் எத்தனை தடவை நடத்த முடியும்? அணிக்கு ஏழு பேர், ஆட்டத்துக்கு 15 நிமிடம் என்று குறைத்துவிடலாம் என்றார். இறுதிப் போட்டி மெல்ரோஸுக்கும் காலாவுக்கும்தான், வேறு யாருக்கு? சமநிலை. கூடுதல் நேரம் ஆடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதில் மெல்ரோஸ் ஒரு ட்ரை போட்டது, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தது. உடனே, ஆட்டம் முடிந்தது என்று சொல்லி மைதானத்தை விட்டு வெளியேறிக் கோப்பையையும் வாங்கிக்கொண்டார்கள். நேரம் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று காலாக்காரர்கள் கத்தியது எடுபடவில்லை. கோல்போஸ்ட்டோடு இதையும் அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அந்த எழுவர் ஆட்டம்தான் 2016 ரியோ ஒலிம்பிக் வரை போனது. அங்கே ஃபிஜி வென்ற தங்கம், அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். மெல்ரோஸ் போட்டி இன்றும் ஏப்ரலில் நடக்கிறது. ஹேக் பிறந்தது ஜெட்பர்க்கில் என்பதை ஜெட்பர்க்காரர்கள் யாரும் மறக்க விடுவதில்லை.

இனி மனத்தை உறுத்தும் பகுதி. சம்பளம் வாங்காத அமெச்சூர் ஆட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது யார்? இந்த ஊர்ப் பையன்களில் திறமை மிக்கவர்களைத் தேடி வடக்கு இங்கிலாந்திலிருந்து 13 பேர் ஆட்டத்து முகவர்கள் வருவார்கள். கையில் ரொக்கம் இருக்கும். ஆலைத் தொழிலாளி வாரம் முழுக்க உழைத்துச் சேர்க்க முடியாத பணம். வாங்கிக்கொண்டு தெற்கே போனவனுக்கு யூனியன் ஆட்டத்தின் கதவு வாழ்நாள் முழுக்கச் சாத்தப்பட்டது. மனம் மாறித் திரும்பி வந்தால்கூடச் சொந்த ஊர்க் கிளப்புக்கு ஆட முடியாது. ஹாயிக்கின் டேவ் வாலன்டைன் ஸ்காட்லாந்துக்கு யூனியன் ஆடியவர், பிறகு ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். 1954இல் பிரான்ஸில் நடந்த முதல் ரக்பி லீக் உலகக் கோப்பையை வென்ற பிரிட்டன் அணிக்கு அவர்தான் தலைவர். இரண்டு ரக்பிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் உலகக் கோப்பை என்ற ஒன்றை முதலில் கையில் ஏந்திய தலைவர் ஹாயிக்காரர். ஆனால் அவர் பிறந்த ஊரின் ஆட்டத்தை நடத்தியவர்கள் கண்ணில் அவர் விலக்கப்பட்டவர்.

வக்கீலுக்கும் மருத்துவருக்கும் சம்பளம் வாங்காமல் ஆடுவது கௌரவம். பின்னலாடை ஆலையில் நிற்பவனுக்கு அது வருமானக் குறைவு. ஒரே விதிதான், ஆனால் இரண்டு பேர் மேலும் ஒரே எடையில் விழவில்லை. நூறாண்டுக் காலம் அதைத் தூய்மை என்று பேசியது எனக்கு ஒப்பவே இல்லை.

அப்படியும் எத்தனை பேர் ஊரிலேயே தங்கினார்கள் என்பதுதான் அதிசயம். ஜெட்-ஃபாரஸ்டின் ராய் லெய்ட்லா மின்பணியாளர். செல்கர்க்கின் ஜான் ரதர்ஃபோர்டும் அவரும் ஸ்காட்லாந்துக்கு 35 டெஸ்ட்களில் ஹாஃப்-பேக் ஜோடியாக, முன்வரிசையிடமிருந்து பந்தை வாங்கிப் பின்வரிசைக்குக் கடத்தும் இருவராக, ஆடினார்கள். அந்தக் காலத்தில் அது உலக சாதனை. ஒருவர் பந்தை எடுத்து எறிந்தால் மற்றவர் எங்கே நிற்பார் என்று பார்க்கவே தேவையில்லை என்பார்கள். ஸ்காட்லாந்து 1984இல் கிராண்ட் ஸ்லாம் அடித்தபோது, அதாவது ஆண்டுத் தொடரில் எல்லா எதிரணிகளையும் வென்றபோது, களத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் எல்லையோரக் கிளப்புகளின் ஆட்கள். தலைவர் ஜிம் ஏய்ட்கன் காலாக்காரர். பயிற்சியாளர் ஜிம் டெல்ஃபர் மெல்ரோஸ்காரர், தொழிலால் பள்ளி ஆசிரியர். தேசிய லீக்கின் முதல் ஐந்து பட்டங்களையும் ஹாயிக்கே அள்ளியது. அதற்கும் முன்பு, பத்திரிகைகள் போட்ட அதிகாரபூர்வமற்ற பட்டியலில் 1958-59இல் முதலிடம் பிடித்தது லாங்கம். எடின்பரோவும் கிளாஸ்கோவும் இருக்கும் நாட்டில்!

இவர்களின் குரலை உலகம் கேட்டது பில் மெக்லாரன் வழியாக. ஹாயிக்கில் பிறந்து, ஹாயிக் அணிக்கு ஆடி, தேசிய அணியின் வாசல் வரை போனவர். காசநோய் வந்து ஆட்டம் முடிந்தது. சானடோரியத்தில் படுத்திருந்தபோது அங்கே நடந்த மேசைப்பந்து ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்லிப் பழகினாராம். பிறகு பிபிசியின் ரக்பிக் குரலாகவே ஆகிப்போனார். 2002 வரை பேசினார். அத்தனை புகழிலும் அவர் வேலை ஹாயிக் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்தான். அவரிடம் படித்த ஜிம் ரென்விக்கும் கொலின் டீன்ஸும் ஸ்காட்லாந்துக்கு ஆடினார்கள். இன்னொரு மாணவர் டோனி ஸ்டேங்கர். 1990இல் இங்கிலாந்தை 13-7 என்று வீழ்த்திக் கிராண்ட் ஸ்லாம் வாங்கிய ஆட்டத்தில் ட்ரை போட்டவர். தான் ஓடக் கற்றுக்கொடுத்த பையனின் ஓட்டத்தைத் தானே வர்ணிக்கும் வாய்ப்பு எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும்?

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆட்டத்தின் பரிசு கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் இருந்த வெள்ளையர் ரக்பிக் கிளப் கலைந்தபோது, வங்கிக் கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878இல் செய்தது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியில் யானை. 1988இல் ஆட்டம் முடிந்த இரவு, கெல்சோவின் விவசாயி ஜான் ஜெஃப்ரியும் இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் போதையில் அந்தக் கோப்பையை எடின்பரோ தெருக்களில் கொண்டுபோய், உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்கள். ரிச்சர்ட்ஸுக்கு ஓர் ஆட்டத் தடை. ஜெஃப்ரிக்கு ஆறு மாதம். நம் ரூபாய்க்கு ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் அதிக மரியாதை கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1995 ஆகஸ்டில் யூனியன் ஆட்டத்திலும் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தார்கள். கெல்சோவிலிருந்து 13 பேர் ஆட்டத்துக்குப் போயிருந்த ஆலன் டெய்ட் போன்றவர்கள் திரும்பி வந்து ஸ்காட்லாந்துக்கு ஆட முடிந்தது. அது நல்ல செய்தி. ஆனால் சம்பளம் கொடுக்கப் பெரிய கூட்டம் வேண்டும், பெரிய ஊர் வேண்டும். இங்கே எல்லாமே சிறிய ஊர். அதனால் எல்லா ஊரையும் சேர்த்து ஒரே தொழில்முறை அணி ஆக்கினார்கள். 1996இல் தொடங்கி, 1998இல் எடின்பரோவோடு இணைத்து, 2002இல் மறுபடி உயிர் கொடுத்து, 2007இல் கலைத்துவிட்டார்கள். பணமில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். கூட்டம் வரவில்லை என்பதும் உண்மை. என் கணிப்பு வேறு. அந்த அணி ஆடியது காலாவின் நெதர்டேல் மைதானத்தில். காலாவைத் தோற்கடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஹாயிக்காரனைக் கூப்பிட்டு, இனி காலா மைதானத்துக்கு டிக்கெட் வாங்கிப் போய்க் கைதட்டு என்றால் அவன் போவானா? ஊருக்கு ஊர் ஆகாது என்பதைத் தூக்கிவிட்டால் இந்த ரக்பியில் மிச்சம் ஒன்றும் இல்லை. வரைபடத்தை மேசையில் விரித்துத் திட்டம் போட்டவர்களுக்கு அது தெரியவில்லை.

லீக் இப்போதும் இருக்கிறது, முன்போலச் செழிப்பாக இல்லை. தேசிய லீக் வந்தபின் சனிக்கிழமைகள் அதற்குப் போய்விட்டன. எல்லையோர ஆட்டங்களை வார நாள் மாலையில் விளக்கு வெளிச்சத்தில் நடத்துவதும் உண்டு. ஆலைகள் பல மூடிவிட்டன. 1969இல் ரயிலும் நின்றது. 2015இல் காலாஷீல்ஸ் வரை, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ரயில் திரும்ப வந்தது. ஹாயிக்குக்கு இன்னும் வரவில்லை. படிக்கவும் வேலைக்கும் எடின்பரோ போகும் பையன்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த லாங்கம் இன்று கீழ்ப்பிரிவில் ஆடுகிறது. ஹாயிக் மட்டும் 2002க்குப் பிறகு 2023இல் தேசியப் பட்டத்தை மறுபடி வாங்கியது. ஊருக்குள்ளேயே பிஎஸ்ஏ, லிண்டன், ட்ரேட்ஸ், ஹார்லெக்வின்ஸ் என்று சிறு கிளப்புகளை வைத்து ஆள் தயார் செய்யும் பழக்கத்தை அவர்கள் விடவில்லை, பலன் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. இத்தனை நேரம் நடுநிலையாகப் பேசுவதுபோல் நடித்துவிட்டேன். நான் ஜெட்-ஃபாரஸ்ட் பக்கம். லெய்ட்லாவின் ஆட்டத்தைப் பழைய ஒளிப்பதிவில் பார்த்ததிலிருந்து அப்படித்தான். இந்த ஏழு ஊரில் எது உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ நீங்களும் சொல்லுங்கள். ஹாயிக் என்று சொல்பவர்களோடு தேநீர் இடைவேளையில் தனியாகப் பேசிக்கொள்கிறேன். வணக்கம்.