ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) விமானம் விடுகிறீர்களா? முதலில் காற்றாலையைப் பாருங்கள்!

(திரையில்: பல்லடம் அருகே வரிசையாகக் காற்றாலைகள்)

அந்தக் காற்றாலை சுற்றுகிறதா, நிற்கிறதா? காரிலிருந்து விமானத்தை இறக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் விமானம் விடுகிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த காற்றுமானி. ஆனால் பலர் இதைத் தப்பாகப் படிக்கிறார்கள்.

பின்னணி சுருக்கமாக: நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிக்கொண்டு நம் பக்கம் பாய்கிறது. அவ்வளவுதான்.

சரி, காற்றாலைக்கு வருவோம். சுற்றும்போது இறக்கைகள் காற்று வரும் திசையைப் பார்த்தே இருக்கும்; உச்சியில் உள்ள பெட்டி தானாகவே திரும்பிக்கொள்ளும். இறக்கை மேற்கே பார்த்தால் மேற்கிலிருந்து வீசும் காற்று. விமானத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அந்தத் திசையில் மூக்கை வைத்துத்தான்.

அடுத்து வேகம். மின்சாரம் தரத் தொடங்கவே பெரும்பாலான காற்றாலைகளுக்கு வினாடிக்கு 3 முதல் 4 மீட்டர், அதாவது மணிக்கு 11 முதல் 14 கி.மீ. காற்று வேண்டும். இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: இறக்கை சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றின் வேகத்தைச் சொல்ல முடியாது! பழைய காற்றாலைகள் பலவும் கிரிட்டில் (மின்கட்டமைப்பில்) இணைந்துவிட்டால் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். 30 கி.மீ. காற்றும் 45 கி.மீ. காற்றும் கண்ணுக்கு ஒன்றுதான். நின்றுகிடந்தால் காற்றே இல்லை என்றும் நினைக்காதீர்கள், பழுதுபார்க்க நிறுத்தியிருக்கலாம். வரிசை முழுவதையும் பாருங்கள். பார்க்க மட்டும்தான், பக்கத்தில் பறக்கவிட வேண்டாம். அதன் பின்னால் காற்று வெகுதூரம் கலங்கியிருக்கும்.

அது மேலே இருக்கும் காற்று. தரை உராய்வால் கீழே பொதுவாகக் குறைவாகத்தான் வீசும். 40 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஃபோம் விமானம் 25 கி.மீ. எதிர்காற்றில் தரையைப் பொறுத்து 15 கி.மீ.தான் நகரும், திரும்பினால் 65! ‘ஐயோ, வேகம்’ என்று அந்த நேரத்தில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைப்பவர்கள்தான் அதிகம். விமானத்துக்கு வேண்டியது காற்றைப் பொறுத்த வேகம். அது குறைந்தால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கையின் தூக்கும் விசை போய், விழும்.

கீழே மரத்தைப் பாருங்கள். இலையும் சிறுகுச்சியும் விடாமல் ஆடினால் 12 முதல் 19 கி.மீ. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28. புதிதாகக் கற்பவர்கள் அன்றைக்கு விமானத்தை வெளியே எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

பொள்ளாச்சிக்காரர்களே, தென்னந்தோப்பு! வாய்க்காலில் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பதைப் போல, தோப்பைத் தாண்டும் காற்றும் சுழிக்கும். மர உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைகூட அந்தக் கலக்கம் இருக்கும். தோப்புக்குக் கிழக்கே இறக்குகிறவர்கள் தள்ளிப் போங்கள்.

கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் பக்கம் இருப்பவர்கள் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

வெயில் ஏறும் முன் தரைக்காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆடி மாதத்தில் உங்கள் ஊரில் காலை எத்தனை மணிக்குக் காற்று கிளம்புகிறது? ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.