வேப் ஆவி காற்றோடு போய்விடுகிறதா? ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள்

வணக்கம். மூடிய காருக்குள் பல வாரங்களாக மின்சிகரெட் (வேப்) புகைத்து வருபவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தக் காரின் முன்கண்ணாடியை உட்புறமாக ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "வெறும் நீராவிதான்" என்று சொல்லப்படுவது, அங்கே விரலில் ஒட்டும் மெல்லிய படலமாக இருக்கும்.

அது நீராவி அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், மணமூட்டிகள் ஆகியவை கலந்த நுண்துளிகளின் மேகம் அது. கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ் என்பதால், அது அறையின் வெப்பத்தில் எளிதில் ஆவியாகாமல் சுவரிலும் தரையிலும் கண்ணாடியிலும் படிந்துவிடுகிறது. வடை சுடும் அடுக்களையில் புகைபோக்கி விசிறியின் இறக்கைகளில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் அங்கே எண்ணெயைத் தடவவில்லை, காற்றில் மிதந்த துளிகளே போய் ஒட்டிக்கொண்டன.

சிகரெட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு? 2015இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மின்சிகரெட் புகைப்பவர்களின் வீட்டுப் பரப்புகளில் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 7.7 மைக்ரோகிராம் நிக்கோட்டினும், சிகரெட் புகைப்பவர்களின் வீடுகளில் 1303 மைக்ரோகிராமும் இருந்தன. இந்த வேறுபாடு மிகப் பெரியது. அதை மறைத்துப் பயமுறுத்துவது நேர்மையல்ல.

ஆனால் என்னை உலுக்கியது வேறோர் ஆய்வு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள், தென் கலிபோர்னியாவின் வணிக வளாகம் ஒன்றில் வேப் கடைக்கு அடுத்திருந்த, யாரும் புகைக்காத வேறொரு நிறுவனத்தின் அறையில் பருத்தித் துண்டுகளையும் காற்று வடிகட்டிகளையும் தொங்கவிட்டார்கள். சில காலம் கழித்து அவற்றை எடுத்துச் சோதித்தபோது, நிக்கோட்டினும் புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களும் அவற்றில் ஊறியிருந்தன. வேறொரு தொழில் செய்பவர்கள் தினமும் வேலைக்கு வந்துபோகும் அறை அது! சுவர் தடுத்தும், காற்று கொண்டுவந்து சேர்த்துவிட்டது. 2018இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, "என் அறைக்குள்தானே புகைக்கிறேன்" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நைட்ரோசமைன் என்பதைக் கவனியுங்கள். பரப்பில் படிந்த நிக்கோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறும் என்பதை 2010இலேயே அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் சிகரெட் புகையின் படிவைக் கொண்டு காட்டியது. அந்த அமிலம் எரிவாயு அடுப்பிலிருந்தும் வருவதுதான்.

தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீடு என்றால், தயவுசெய்து உள்ளே புகைக்காதீர்கள். கண்ணாடியையும் டைல்ஸையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடலாம். திரைச்சீலையும் கம்பளமும் சோபாவும் உறிஞ்சியதை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.