டர்பன்ல ரெண்டு நாள் தங்குங்க

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்கா டூர் போறோம்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கிறது, லிஸ்ட்ல டர்பன் இருக்கான்னு தான். பெரும்பாலும் இருக்காது. சிங்கம் பாக்க க்ரூகர், மலை பாக்க கேப் டவுன், ஷாப்பிங்குக்கு ஜோஹன்னஸ்பர்க், அதோட பேக்கேஜ் முடிஞ்சுடும். எனக்கு இது சுத்தமா புரியல, ஏன்னா கேப் டவுன்ல அட்லாண்டிக் தண்ணி கால வச்சாலே விறைச்சுப் போகும், டர்பன்ல நம்ம இந்து மகாசமுத்திரம், வெதுவெதுன்னு இருக்கும், ஜூலை குளிர்காலத்துல கூட ஜனங்க இறங்கி குளிக்கிறாங்க.

பீச்ச ஒட்டி கோல்டன் மைல்னு சொல்றாங்க, பேர்ல தான் மைல், நடைபாதை அதவிட ரொம்ப நீளம், தெற்கே துறைமுகத்துக்குப் பக்கத்துல உஷாகா மரைன் வேர்ல்டுங்கிற மீன் காட்சிப் பூங்காவுல ஆரம்பிச்சு வடக்கே உம்கேனி ஆறு கடல்ல சேர்ற இடம் வரைக்கும் போய்ட்டே இருக்கலாம். காலைல ஆறு மணிக்குப் போங்க, அதான் டைம். சர்ஃபிங் பலகையோட பசங்க, சைக்கிள்காரங்க, மணல்ல வட்டமா நின்னு பாட்டுப் பாடி ஜெபம் பண்ற ஸூலு (அந்தப் பக்கத்து ஆப்பிரிக்க இனம்) சர்ச் ஆளுங்க, வெள்ளை அங்கி போட்டிருப்பாங்க, அந்தப் பக்கம் ஹிஜாப் போட்ட பொண்ணுங்க வாக்கிங், இந்தப் பக்கம் ட்ராக் சூட்ல நம்ம பிள்ளை, நாயுடு, மூட்லி (நம்ம முதலியார் தான்) வீட்டு தாத்தாக்கள். சுறா பயம் வேண்டாம், 1952லயே வலை போட ஆரம்பிச்சுட்டாங்க, லைஃப்கார்டு நட்டு வச்ச கொடிகளுக்கு நடுவுல மட்டும் குளிங்க.

இதே மணல்ல தான் நிறவெறி ஆட்சில, 1989 வரைக்கும் போர்டு வச்சிருந்தாங்க, இந்தப் பகுதி வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு, இங்கிலீஷ்ல, ஆஃப்ரிகான்ஸ்ல, ஸூலுல மூணு பாஷைலயும் எழுதி. இந்தியருக்குத் தனி துண்டு, கறுப்பருக்குத் தனி துண்டு, நல்ல இடமெல்லாம் யாருக்குப் போயிருக்கும்னு நான் சொல்லணுமா. இன்னைக்கு அங்க வாக்கிங் வர்ற ஐம்பது வயசுக்காரங்க எல்லாரும் அத நேர்ல பாத்தவங்க, பேச்சு கொடுத்தா சொல்லுவாங்க. மியூசியம் டிக்கெட் எடுக்கிறத விட எனக்கு இது தான் பெருசா பட்டுச்சு.

நம்ம ஆளுங்க அங்க எப்படி? 1860 நவம்பர் 16, ட்ரூரோங்கிற கப்பல் சென்னைல இருந்து 342 பேரோட வந்து நின்னுச்சு, கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிங்க. அப்புறம் 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அதுல பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியா. இப்போ உள்ள தலைமுறைல நிறைய பேருக்கு தமிழ் பேச வராது, ஆனா தைப்பூசத்துக்கு காவடி எடுப்பாங்க, ஆடி மாசம் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துவாங்க, அதுக்கு இங்கிலீஷ்ல பாரிட்ஜ் ப்ரேயர்னு பேர், கேட்டதும் சிரிச்சுட்டேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். பன்னி சோ (bunny chow, பேரக் கேட்டு பன்றின்னு நினைக்காதீங்க) சாப்பிடாம வந்துடாதீங்க. முழு ப்ரெட்ட வெட்டி, நடுவுல இருக்கிற மெத்துனு பகுதிய தோண்டி எடுத்துட்டு, உள்ள மட்டன் குழம்ப ஊத்தித் தருவாங்க. கடைல போய் குவார்ட்டர் மட்டன்னு கேளுங்க, கால் ப்ரெட் அளவு, ஒரு ஆளுக்கு அதுவே ஜாஸ்தி. சைவக்காரங்களுக்கு பீன்ஸ் பன்னி உண்டு. தோண்டின ப்ரெட்ட மேல மூடி மாதிரி வைப்பாங்க, அத முதல்ல குழம்புல முக்கித் தின்னணும், ஸ்பூன் கேட்டீங்கன்னா ஒரு மாதிரி பாப்பாங்க.

அப்புறம் வார்விக்ங்கிற சந்தைப் பகுதிக்கு ஒரு காலை நேரத்த ஒதுக்குங்க, லோக்கல் கைடு கூட்டிட்டுப் போனா நல்லது, பையை முன்னாடி மாட்டிக்குங்க, செல்ஃபோன கைல ஆட்டிட்டு நடக்காதீங்க. கட்டி முடிக்காம விட்ட மேம்பாலம் மேல நாட்டு மருந்துச் சந்தை இருக்கு, வேர், பட்டை, மூலிகைன்னு ஸூலு வைத்தியப் பொருள் மலையா குவிச்சிருப்பாங்க. கீழ எர்லி மார்னிங் மார்க்கெட், 1910ல ஆரம்பிச்சது, இந்திய விவசாயிங்க காய்கறி வித்த இடம், 2010 ஃபுட்பால் உலகக் கோப்பைக்கு முன்னாடி இத இடிச்சு மால் கட்டணும்னு ஒரு திட்டம் வந்துச்சு, இந்திய வியாபாரிங்களும் ஆப்பிரிக்க வியாபாரிங்களும் சேர்ந்து நின்னு எதிர்த்தாங்க, மார்க்கெட் இன்னும் இருக்கு. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்ல மசாலா வாங்கலாம், அங்க ரொம்பக் காரமான மிளகாய்ப்பொடிக்கு மதர் இன் லா எக்ஸ்டர்மினேட்டர்னு பேர் வச்சு விக்கிறாங்க. மருமகளுங்க யாரும் ஐடியா எடுத்துக்காதீங்க.

சாயங்காலம் மோசஸ் மபிதா ஸ்டேடியம் போகலாம், 106 மீட்டர் உயர வளைவு, மேல இருந்து பாத்தா கடலும் ஊரும் மொத்தமா தெரியும். கொம்பு வச்ச பெரிய தலைப்பாகையோட மணி மணியா அலங்காரம் பண்ண ஸூலு ரிக்‌ஷாக்காரங்க பீச்ல நிப்பாங்க, போட்டோ எடுத்தாலும் காசு உண்டு, முன்னாடியே பேசி முடிச்சுக்குங்க.

எப்போ போறதுன்னு கேட்டா, டிசம்பர் வேண்டாம், ஊர்ல பாதி ஜனம் பீச்ல தான் இருக்கும், புழுக்கமும் தாங்காது. மே, ஜூன் தான் என் சாய்ஸ், வெயிலும் இதமா இருக்கும், ஜூன் ஜூலைல மத்தி மீன் கூட்டம் கரையோரமா வரும், அதிர்ஷ்டம் இருந்தா வலை இழுக்கிறதையும் பாத்துடலாம்.