பழைய சவரக்கத்திக்குப் புது ஆணி: துளை போடுறதுல இருந்து தலை தட்டுறது வரைக்கும்

[திரையில்: திறந்த வெத்தலப் பெட்டி. ஒரு கை பாக்குவெட்டியைத் திறந்து மூடுது. பக்கத்துல ஒரு மடக்குச் சவரக்கத்தி.]

பாக்குவெட்டியில இருக்கிறது ஒரே ஒரு ஆணி. அது தளர்ந்தா என்ன ஆகும்னு கும்பகோணத்துப் பக்கம் வெத்தல போடுற எந்த வீட்டுல கேட்டாலும் சொல்லுவாங்க. பாக்கு சீவாது, நசுங்கும். மடக்குச் சவரக்கத்தியும் அதே மாதிரிதான். என்ன, இங்க நசுங்க பாக்கு இல்ல. ஆணி ஆடுனா கத்தியோட கூர் பிடியில போய் மோதும். ஒரு மணி நேரம் தீட்டின விளிம்பு ஒரே தடவை மூடுறதுல போயிடும்.

எய்ட்ஸ் பத்தின விழிப்புணர்வு பரவின பிறகு சலூன்கள்ல பிளேடு மாத்துற கத்தி வந்துடுச்சு. பழைய கத்திங்க தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர்னு எல்லா ஊர்லயும் தகர டப்பாவுக்குள்ள தூங்குது. இங்கிலாந்து ஷெஃபீல்டு, ஜெர்மனி சோலிங்கன்னு கத்திக்குப் பேர் போன ஊர் முத்திரை போட்டது கூட இருக்கு. எஃகு நல்லாத்தான் இருக்கும். போனது பெரும்பாலும் பிடியும் ஆணியும்தான்.

[நெருக்கக் காட்சி: கத்தியின் துளைப் பகுதி, இரண்டு பக்கப் பிடி, மறுமுனையில் ஆப்பு.]

பேரு வச்சுக்குவோம். ரெண்டு பக்கமும் இருக்கிறது பிடித் தகடு. கத்தியில துளை இருக்கிற இடத்தை 'அடி'ன்னு சொல்லப் போறோம். அந்தத் துளை வழியாப் போறது சுழல் ஆணி. பிடியோட மறுமுனையில ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன ஆப்பு இருக்கும், அதைப் பிடிச்சிருக்கிறது ஆப்பு ஆணி. ஆணியோட தடிமன் வழக்கமா ஒரு அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு, அதாவது 1.6 மி.மீ.

முதல்ல ஒரு கணக்கு. அடிக்கும் பிடிக்கும் நடுவுல இருக்கிற வாஷர் 6 மி.மீ. அகலம்னு வைங்க. ஆணியில இருந்து கத்தி நுனி ஏறக்குறைய 100 மி.மீ. வாஷர்கிட்ட 0.1 மி.மீ. இடைவெளி விழுந்தா, நுனியில அது ஏறக்குறைய 1.7 மி.மீ. ஆட்டமா மாறும். ஒரு காகிதத் தடிமன் இங்க, கூர் போற அளவு ஆட்டம் அங்க. இந்த வேலை முழுக்க இந்தக் காகிதத் தடிமனுக்காகத்தான்.

அதனால ஆணியைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, இருக்கிற ஆணியவே இறுக்க முடியுமான்னு பாருங்க. கத்தி விளிம்புல ரெண்டு சுத்து டேப் ஒட்டுங்க. மொட்டைன்னு நெனைக்கிற கத்திதான் கையைக் கிழிக்கும். ஆணித் தலையை இரும்புக் கட்டை மேல வச்சு, மேல் தலையோட ஓரத்துல சின்னச் சுத்தியால நாலஞ்சு லேசான தட்டு. திருப்பிப் போட்டு நாலஞ்சு. ஆட்டம் நின்னா வேலை முடிஞ்சது. நிக்கலைன்னா, இல்ல வாஷருக்கு அடியில துரு வீங்கியிருந்தா, கழட்டத்தான் வேணும்.

[திரையில்: பிடித் தகட்டை உப்புத்தாளில் தேய்த்து முகர்கிறார்கள்.]

கழட்டுறதுக்கு முன்ன பிடி எதுல செஞ்சதுன்னு தெரியணும். உள்பக்கத்துல லேசாத் தேய்ச்சு முகர்ந்து பாருங்க. கற்பூர வாசம் வந்தா செல்லுலாய்டு. அது சட்டுனு தீப்பிடிக்கிற சாமான், துரப்பண வேகத்தைக் குறைச்சு வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. முடி கருகின வாசம் வந்தா கொம்பு. வெள்ளையா, குறுக்குக் கோடு பின்னின மாதிரி இருந்தா யானைத் தந்தமா இருக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல தந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கு, அதை வாங்கவோ விக்கவோ நெனைக்காதீங்க.

ஆணி எடுக்கிறதுல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான். தட்டையான தலையோடவே ஆணியைக் குத்தித் தள்ளுறது. தலை பிடிக்குள்ள நுழையும்போது துளையில இருந்து வெடிப்பு ஓடும். கொம்புல ஓடின வெடிப்பு நிக்காது. அதனால ஒரு பக்கத் தலையை முழுசா நீக்கிட்டுத்தான் தள்ளணும். தலை நடுவுல சென்டர் பஞ்ச்சால, அதாவது கூர்முனைக் குத்துக்கம்பியால, ஒரு புள்ளி குத்துங்க. 1.5 மி.மீ. துரப்பண பிட்டைக் கையால சுத்துற பிடியில மாட்டி, அரை மி.மீ. ஆழம் வரைக்கும் துளைங்க. தலை மோதிரம் மாதிரி கழண்டு வரும். அரத்தால ராவியும் எடுக்கலாம், ஆனா தலையைச் சுத்திப் பிடி மேல டேப் ஒட்டாம அரத்தைத் தொடாதீங்க. பிறகு மரக்கட்டையில 3 மி.மீ. துளை போட்டு, அதுக்கு நேரா மறுபக்கத் தலையை வச்சு, 1.4 மி.மீ. பஞ்ச்சால அமுக்குங்க.

வரலைன்னா ஓங்கி அடிக்காதீங்க. பழைய ஆணி பல சமயம் உள்ளுக்குள்ள வளைஞ்சிருக்கும். நகைப் பட்டறை ரம்பத்தோட மெல்லிசு அலகை அடிக்கும் பிடிக்கும் நடுவுல விட்டு ஆணியை அறுத்துடுங்க. ரெண்டு பக்கமும் அஞ்சு நிமிஷ வேலை.

[நெருக்கக் காட்சி: அடியின் துளை, உருப்பெருக்கியில். துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது.]

இப்ப அடியில இருக்கிற துளை. துளையை விட மெல்லிசான கம்பியில 400 நம்பர் உப்புத்தாளைச் சுத்தி உள்துருவை எடுங்க. புது ஆணியை உள்ள விட்டு ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் தளர்வா இருந்தா கவலை வேண்டாம். கத்தியை நிறுத்தி வைக்கிறது துளை இல்ல, ரெண்டு பக்கமும் அமுக்குற வாஷர்தான். அரை மி.மீ.க்கு மேல தளர்வுன்னா பித்தளைக் குழாய்த் துண்டு வைக்கணும். வெளி விட்டம் 2.4, உள் விட்டம் 1.6 மி.மீ. அரால்டைட் பசை தடவிப் பொருத்தி, ஒரு நாள் காயவிட்டு, ரெண்டு பக்கமும் அடியோட மட்டத்துக்கு அரம் போடுங்க. தலைமுடி அளவு துருத்திக்கிட்டு இருந்தாலும் வாஷர் அது மேல மட்டும் உக்காரும், கத்தி தராசு முள்ளு மாதிரி ஆடும்.

துளையைப் பெருசாக்கணும்னா சாதா துரப்பணப் பிட் போடாதீங்க. பதம் பிடிச்ச எஃகுல அது முனை மழுங்கி, வெறுமனே உரசிச் சூடு கிளப்பும். வைரத்தூள் பூசின சின்ன பர் (துளையை அராவுற முனை), சொட்டுச் சொட்டாத் தண்ணி, பொறுமை. எஃகு வைக்கோல் நிறத்துக்கு மாறினா அந்த இடத்துல பதம் இறங்க ஆரம்பிச்சாச்சு. விரலால தொட முடியாத சூடு வந்தாலே நிறுத்திடுங்க.

புதுப் பிடி செய்யிறவங்களுக்கு டெல்டாவுல நல்ல மரம் வாசல்லயே நிக்குது: பூவரசு. அதோட வைரக்கட்டை நெருக்கமா இருக்கும், துளை ஓரம் சிதறாது. பனங்கட்டை அழகா இருக்கும், ஆனா நாரு நாராப் பிரியும், ஆணிக்குத் தோதுப்படாது. எந்த மரமா இருந்தாலும் நல்லா உலர்ந்திருக்கணும். ஐப்பசி மழையில அறுத்த பலகை தை மாசத்துல சுருங்கும், இறுக்கமா அடிச்ச ஆணி தானாத் தளர்ந்துடும்.

தகடு ஒவ்வொண்ணும் 2.5 முதல் 3 மி.மீ. ரெண்டையும் இருபக்க டேப்பால ஒட்டுங்க. கத்தியை மூடின நிலையில மேல வச்சு, கூர் விளிம்பு தகட்டோட கீழ் ஓரத்துக்கு 2 மி.மீ. உள்ள இருக்கான்னு, நுனி ஆப்பைத் தொடாம இருக்கான்னு பாருங்க. சரியா இருந்தா அடியோட துளை வழியாவே புள்ளி வைங்க. அளவுகோல் வச்சுக் குறிக்கிறதை விட இது நம்பகமானது. இந்தக் கத்தியோட துளை எங்க இருக்குன்னு அந்தக் கத்திக்குத்தானே தெரியும்.

[திரையில்: துரப்பணத்துக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடித் துண்டு. பிட்டும் அதன் பிம்பமும் ஒரே நேர்க்கோட்டில்.]

துளைக்கிறது இந்த வேலையோட உயிர். முதல்ல 1 மி.மீ., பிறகு 1.6. ஸ்டாண்டுல நிக்கிற துரப்பணம் இருந்தா நல்லது. இல்லாதவங்க புள்ளிக்குப் பக்கத்துல முகம் பாக்குற கண்ணாடித் துண்டு ஒண்ணைத் தகட்டு மேல படுக்க வைங்க. பிட்டும் கண்ணாடியில தெரியிற பிட்டும் ஒடையாம ஒரே கோடாத் தெரிஞ்சா துரப்பணம் செங்குத்தா நிக்குது. எதிர்ப்பக்கத்துல இருந்தும் பக்கவாட்டுல இருந்தும் பாருங்க. தகட்டுக்கு அடியில வேண்டாத மரத்துண்டை வச்சு இறுக்கிக் கட்டுங்க, பிட் வெளிய வர்ற இடத்துல சில்லு தெறிக்காது.

சாய்ஞ்சா என்ன? 2 டிகிரி சாய்வுன்னு வைங்க. ஒட்டியிருக்கிற வரைக்கும் ஆணி வழுக்கிக்கிட்டுப் போகும், எல்லாம் சரின்னு தோணும். பிரிச்சு நடுவுல 4.5 மி.மீ. அடியை வச்சதும் ரெண்டு துளையும் 0.16 மி.மீ. விலகி நிக்கும். ஆணி வளைஞ்சுதான் உள்ள போகும். கத்தி ஒரு பக்கமாச் சாயும், மூடினா விளிம்பு தகட்டைத் தொடும். நிறைய பேர் அப்புறம் ஆணியைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. தப்பு துளையில.

ஆணி அடிக்கிறதுக்கு முன்ன ஒத்திகை. 1.4 மி.மீ. சின்ன போல்ட்டும் நட்டும் வச்சு ரெண்டு முனையையும் தற்காலிகமா மாட்டுங்க. மூக்குக் கண்ணாடி சரிபண்ற கடையில கிடைக்கும். கத்தி நடுவுல உக்காருதா பாருங்க. இடது தகட்டை நோக்கிச் சாய்ஞ்சா ஆப்போட முகத்தை ஒரு பக்கமா உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு இழுங்க. ஆப்புல கால் மி.மீ. மாறினா நுனியில தெரியும். பழைய ஆப்பு ஈயமா இருந்தா தேய்ச்ச பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க.

[திரையில்: மூன்று பித்தளைத் துண்டுகள். ஒன்று வளைத்ததும் விரிசல் விடுகிறது.]

கம்பி எதுங்கறது முக்கியம். நம்ம ஊர்ல பித்தளைக்குப் பஞ்சமில்ல, நாச்சியார்கோவில் குத்துவிளக்கே இருக்கு. ஆனா வார்ப்புப் பித்தளை இதுக்கு ஆகாது, தட்டினா வெடிக்கும். கடையில கிடைக்கிற லேத் வேலைக்கான பித்தளைத் தண்டும் வேண்டாம். சுருள் சுலபமா உதிரணும்னு அதுல ஈயம் கலந்திருப்பாங்க. இழுத்துச் செஞ்ச பித்தளைக் கம்பி வேணும். சோதனை சுலபம்: 90 டிகிரி வளைச்சு நிமித்துங்க. வளைவுல விரிசல் தெரிஞ்சா தூக்கிப் போடுங்க. ரொம்ப விறைப்பா இருந்தா மங்கலான சிவப்பு தெரியிற வரைக்கும் சூடாக்கி ஆறவிடுங்க, மெத்துனு ஆயிடும். இரும்புக் கம்பி கூடவே கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காத்துல அது துரு பிடிச்சு வீங்கி, பிடியைப் பொளந்துடும்.

அடுக்குற வரிசை: வெளி வாஷர், தகடு, மெல்லிய உள் வாஷர், அடி, உள் வாஷர், தகடு, வெளி வாஷர். உள் வாஷர் 0.1 முதல் 0.2 மி.மீ. வெண்கலத் தகடு, ரெண்டு பக்கமும் ஒரே தடிமன். அடுக்குறதுக்கு முன்ன அடிக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகும்.

ஆப்பு ஆணியை முதல்ல அடிச்சு முடிங்க. அது அசையாத முனை, இறுக்கமா இருக்கலாம். பிறகு சுழல் ஆணி. ரெண்டு பக்கமும் வாஷருக்கு வெளிய 0.8 மி.மீ. நீட்டி விடுங்க, அதாவது ஆணித் தடிமன்ல பாதி. அதிகமா விட்டா தலை ஒரு பக்கமாச் சரியும், குறைச்சா வாஷரைப் பிடிக்காது. முனையைக் கட்டரால நறுக்கினபடியே விடாதீங்க, அரத்தால சமதளமா ராவுங்க.

[நெருக்கக் காட்சி: உருண்டைத் தலைச் சுத்தி. தட்டும் ஒலி மட்டும், பின்னணி இசை இல்லை.]

50 முதல் 100 கிராம் சுத்தி போதும். கையை ஓங்காதீங்க, சுத்தி தன் எடையில விழுந்தாலே சரி. நடுவுல அடிக்காதீங்க, நடுவுல அடிச்சா ஆணி உள்ளுக்குள்ள பருக்கும், பிடி வெடிக்கும். ஓரத்துல சுத்திச் சுத்தி பத்துத் தட்டு. திருப்புங்க. பத்துத் தட்டு. கத்தியைத் திறந்து மூடிப் பாருங்க. மறுபடி பத்து. தலை காளான் மாதிரி விரிஞ்சு வாஷர்மேல உக்கார்ற வரைக்கும் இப்படியே. இங்க சத்தத்தைக் கவனிங்க. முதல்ல 'டொக்கு'ன்னு கேக்கும், வாஷர் இறுகினதும் 'டிக்'குனு மாறும். மாறினதுக்கு அப்புறம் ரெண்டு ரெண்டு தட்டாத்தான் போகணும்.

எங்க நிறுத்துறது? கத்தியை எந்தக் கோணத்துல திறந்து விட்டாலும் அங்கேயே நிக்கணும். தன் எடையில விழக் கூடாது. கையை உதறினா மெதுவா நகரலாம். திறக்கும்போது கரகரன்னா வாஷருக்கு அடியில தூசி மாட்டியிருக்கு, தட்டித் தீராது.

தலை பூ மாதிரி வெடிச்சு விரிஞ்சா கம்பி சரியில்ல, வேற கம்பி போடுங்க. ரொம்ப இறுகிப் போச்சா? 5 மி.மீ. துளை உள்ள கட்டை மேல ஒரு பக்க வாஷரை அந்தரத்துல நிக்க வச்சு, மேல் தலை நடுவுல ஒரே ஒரு தட்டு. கொஞ்சம் தளரும். ரெண்டாவது தட்டுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க.

மரப் பிடியா இருந்தா அன்னிக்கே கூர் தீட்டாதீங்க. ராத்திரி முழுக்க வச்சிட்டு காலையில ஆட்டிப் பாருங்க. வாஷருக்கு அடியில மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ரெண்டு பக்கமும் ரெண்டு தட்டு சேர்த்துக் குடுங்க.