தீத்திவிட ஒரு ஆள்: வாட்டிலும் முதியோர் இல்லத்திலும் சாப்பாட்டு உதவி

[காட்சி: கட்டில் பக்கத்தில் மதியச் சாப்பாடு. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. யாரும் தொடவில்லை.]

குரல்: "அம்மாவுக்குப் பசியில்லையாம்." தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. பசி இருந்திருக்கும். பாரிசவாதத்தால் கை எழும்பாமல் இருக்கலாம், பல்செட் வீட்டு அலுமாரியில் கிடக்கலாம், கண்ணாடி இல்லாமல் வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாமலும் இருக்கலாம்.

பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில் இப்படியானவர்களுக்குச் சிவப்புத் தட்டில் சாப்பாடு வரும். சிவப்பைக் கண்டால் உதவி வேண்டும் என்று எல்லாருக்கும் விளங்கும். இங்கே கட்டில் தலைமாட்டில் ஒரு சிவப்பு மட்டை கட்டினாலே போதும்.

பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுப்பதில் யாழ்ப்பாணத்தார் தாராளம். படம் எடுத்ததும் கிளம்பாமல், பொறுப்பாளரைக் கேட்டு, தீத்திவிடவும் நில்லுங்கள். வாட்டில் என்றால் தாதியைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சிலருக்கு வாயால் ஒன்றுமே கொடுக்கக் கூடாது.

[காட்சி: கதிரையில் நிமிர்ந்திருக்கும் ஐயா. உதவியாளர் எதிரே அமர்கிறார்.]

ஆளை நிமிர்த்தி இருத்துங்கள், நாடி சற்றுக் கீழே. நீங்களும் அவர் கண்மட்டத்தில் இருங்கள். நின்று தீத்தினால் அவர் அண்ணாந்து வாய் திறப்பார். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்க அது வசதி. தேக்கரண்டியில் அரைவாசி எடுங்கள். விழுங்கித் தொண்டை ஏறி இறங்கிய பிறகே அடுத்த வாய். பாரிசவாதம் என்றால் பலமுள்ள பக்கமாக வையுங்கள். மற்றக் கொடுப்புக்குள் சோறு தேங்கும், முடிவில் வாயைத் திறந்து பாருங்கள்.

[காட்சி: புட்டு, அருகில் சொதி.]

விழுங்கக் கஷ்டப்படுபவருக்குப் புட்டுத்தான் பெரிய வில்லங்கம். உதிர்ந்து தொண்டையெல்லாம் சிதறும். மேலால் சொதி விட்டால் சரியாகாது: சொதி முந்தி ஓடும், துணிக்கை பிந்தி நிற்கும், அந்த இடைவெளியில் புரைக்கேறும். மசித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால் சொதியில் ஊறவிட்டு, மசித்து, மிஞ்சிய தண்ணியை வடித்துவிடுங்கள். கட்டிகள் முள்ளுக்கரண்டிப் பல் இடைவெளிக்குள், ஏறத்தாழ 4 மில்லிமீற்றருக்குள், அடங்க வேண்டும். இடியப்பத்துக்கும் இதே கணக்கு.

இருமல், கண் கலங்கல், தண்ணி கட்டினது போன்ற குரல்: எது வந்தாலும் உடனே நிறுத்தித் தாதியைக் கூப்பிடுங்கள். இருமாமலே நெஞ்சுக்குள் இறங்குவதும் உண்டு. பிறகு காய்ச்சல் காய்ந்தால் இதையும் சொல்லுங்கள். சாப்பிட்டு 30 நிமிடம் படுக்கவிடாதீர்கள்.

[காட்சி: கொப்பியில் எழுதும் கை.]

தட்டை எடுக்க முன் எழுதுங்கள்: முழுது, அரை, கால், இல்லை. மாதம் ஒருக்கால் நிறை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் 6 மாதத்தில் 45க்கு வந்தால், "வயது போனால் மெலியும்தானே" என்று விடாமல் அந்தக் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள்.