வகுப்பை விட்டு வெளியே வந்த பிள்ளை

(தில்லித் தமிழர்கள் சிலர் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சுவாக்கில் வந்த கிளைக்கதைகள் சிலவற்றை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

அவையோருக்கு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பள்ளிக்கூடத்தில் மதப் பாடம்: வேண்டுமா, வேண்டாமா?' இரண்டு அணி பிரித்துப் பட்டிமன்றம் நடத்த வசதியான தலைப்பு. நான் நடுவரும் இல்லை, அணித் தலைவரும் இல்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மதத்தைப் பாடமாக வைத்திருக்கிற நாடு எதுவானாலும் சரி, அந்த வகுப்பு எனக்கு வேண்டாம் என்கிற பிள்ளை ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். அதை அந்த நாடு என்ன செய்கிறது? வராந்தாவில் உட்கார வைக்கிறதா, வேறு அறைக்கு அனுப்புகிறதா, 'நீ எந்த மதம், எழுதிக் கொடு' என்று கேட்கிறதா? முதலில் இதைப் பார்ப்போம். பாடத்திட்டத்தின் முன்னுரையில் இருக்கிற நல்ல வார்த்தைகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

வராந்தா என்று நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெய்ன் என்று ஒரு ஊர். 1940களில் அங்கே பொதுப் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே, பள்ளி நேரத்திலேயே, வாரம் ஒரு மத வகுப்பு நடந்தது. புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர் என்று தனித்தனியாக வெளியிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் வகுப்பு, கட்டாயம் எதுவும் இல்லை. மெக்காலம் என்ற குடும்பம் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் பையன் அந்த நேரத்தில் தனியாக, தண்டனை வாங்கியவன் மாதிரி, பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். போகிற வருகிற பிள்ளைகள் கேலி செய்தார்கள். தாய் வழக்குப் போட்டார். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறவர்கள், தனித்து நிற்பது அவர்கள் சுபாவம் இல்லை, அதனால் 'விருப்பப்பட்டவர்கள் வரலாம்' என்பதே அவர்களுக்கு ஒரு நெருக்கடிதான் என்கிறார். பள்ளியில் வேலை பார்த்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

நம் பக்கம் இது வேறு மாதிரி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது பிள்ளைகளைக் கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகளில் படிக்க வைத்திருப்பீர்கள். மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விப் புத்தகத்தோடு ஒரு அறைக்குப் போவார்கள். மிச்சப் பிள்ளைகளுக்கு மாரல் சயின்ஸ். வழியில் கிடைத்த பர்ஸைத் திருப்பிக் கொடுத்த பையனின் கதை, கீழே நாலு கேள்வி. பரீட்சை நெருங்கிவிட்டால் அந்த பீரியடையும் கணக்கு மிஸ் கேட்டு வாங்கிக்கொள்வார், போர்ஷன் முடியவில்லை என்று. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ரிசல்ட் அவர் தலையில் அல்லவா விடிகிறது! ஆனால் பாருங்கள், ஒரே வகுப்பில் பன்னிரண்டு வருஷம் கூடவே படித்த தோழி அந்த அறைக்குள் என்னதான் படித்தாள் என்று இந்தப் பிள்ளைக்குக் கடைசி வரை தெரியாது.

இதையே நாடு முழுக்கச் சட்டமாக வைத்தால் இலங்கை. அங்கே சமயம் கட்டாயப் பாடம். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பொதுப் பரீட்சையில் தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், வரலாறு போல அதற்கும் ஒரு தாள் உண்டு. தமிழ்ப் பிள்ளை என்றால் பெரும்பாலும் சைவநெறி, இல்லாவிட்டால் கத்தோலிக்கமோ கிறிஸ்தவமோ. முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், சிங்களப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பௌத்தம். இதன் வேர் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளுக்கு எதிராக ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கிய 1848 வரைக்கும் போகும். மிஷனரிகளின் கேள்வி-பதில் முறையையே எடுத்துக்கொண்டு சைவ வினாவிடை எழுதியவர் அவர். எதிராளியின் ஆயுதத்தைக் கையில் எடுப்பதில் நாவலரை மிஞ்ச ஆளில்லை.

இலங்கை முறையில் யாரும் வராந்தாவில் நிற்பதில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு அறை இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவாரம் பாராமல் வரும், எங்களுக்கு வராது. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் பதினோராம் வகுப்பு வரை சமயம் படித்த பிள்ளைக்கு அடுத்த அறையின் சமயத்தில் பரீட்சை இல்லை. அந்தத் தீவில் நடந்ததற்கெல்லாம் பாடப்புத்தகம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தடுக்க அது உதவவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

மலேசியாவில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. அங்கே பரீட்சைக்காக நற்பண்புகளின் விளக்கத்தைச் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று உண்டு. நேர்மைக்கு விளக்கம் எழுதத் தெரியாமல் பார்த்து எழுதியவர்களும் இருந்திருப்பார்கள், விடுங்கள்.

ஜெர்மனியில் அரசியலமைப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவே மதப் பாடத்தை ஒரு வழக்கமான பாடம் என்று சொல்லிவிடுகிறது. மார்க் உண்டு. அந்தந்த மதச் சபையின் கொள்கைப்படி பாடம் நடக்கும். வேண்டாமென்றால் விலகலாம். பதினான்கு வயது ஆகிவிட்டால் அப்பா அம்மாவைக் கேட்காமல் பிள்ளையே முடிவு செய்யலாம், பவேரியா போன்ற ஓரிரு மாநிலங்கள் தவிர. விலகியவர்களுக்குப் பல மாநிலங்களில் அறநெறி வகுப்பு. பெர்லின் மட்டும் தனி வழி. 2006 முதல் அங்கே ஏழாம் வகுப்பிலிருந்து பத்து வரை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அறநெறி படிக்க வேண்டும். மதப் பாடம் வேண்டுமானால் அதற்கு மேல் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். இதை மாற்றி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று 2009இல் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். தோற்றது.

பின்லாந்தில் எண்ணிக்கை சின்னது. சிறுபான்மை மதம் ஒன்றைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அந்த நகராட்சி அவர்களுக்கு அந்த மதத்தைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று பேர்! நம் தில்லியில் தமிழ் வகுப்பு தொடங்க எத்தனை பேர் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிரான்ஸைப் பற்றி நீட்ட வேண்டாம். 1882இல் பள்ளியிலிருந்து மதப் பாடத்தை எடுத்தார்கள். எடுத்த கையோடு, வெளியே போய்ப் படிக்க வாரத்தில் ஒரு நாளையும் விட்டுக்கொடுத்தார்கள். முதலில் அது வியாழன், 1972 முதல் புதன். 1905இல் அரசையும் சபையையும் சட்டம் போட்டுப் பிரித்தபோது அல்சாஸ்-மொசெல் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. அதனால் அங்கே மட்டும் இன்றைக்கும் அரசுப் பள்ளியில் மதப் பாடம் நடக்கிறது. கறாரான கொள்கைக்கும் இப்படி ஒரு சந்து இருக்கிறது.

நான் நிறுத்திப் பேச விரும்புவது நார்வேயைப் பற்றி. ஆஸ்லோவில் நம் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் படித்த பாடம் இது. 1997இல் அந்த அரசு ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்தது. தனித்தனி அறை வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் கிறிஸ்தவத்தையும் மற்ற மதங்களையும் தத்துவத்தையும் சேர்ந்து படிக்கட்டும் என்று ஒரு புதுப் பாடத்தைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் பொதுவான பாடம், அதனால் முழு விலக்குக் கிடையாது. பிடிக்காத பகுதிக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். கேட்டால் பிள்ளை வகுப்பிலேயே இருக்கும். ஜெபத்தைச் சொல்ல வேண்டாம், பாட்டுப் பாட வேண்டாம், சும்மா கவனித்தால் போதும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தப் பகுதி பிடிக்கவில்லை என்று சொல்ல, அடுத்த வாரம் என்ன பாடம் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஏன் பிடிக்கவில்லை என்று விளக்கப் போனால் வீட்டு நம்பிக்கைகளை எல்லாம் ஆசிரியர் முன்னால் பரப்பி வைக்க வேண்டும். பாடத்திலோ கிறிஸ்தவத்துக்குத்தான் பெரும்பங்கு. மதநம்பிக்கை இல்லாத சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007 ஜூனில் பதினேழு நீதிபதிகளில் ஒன்பது பேர் பெற்றோர் பக்கம், எட்டுப் பேர் அரசு பக்கம். ஒரே ஒரு ஓட்டு! பாடத்தின் பெயரையும் உள்ளடக்கத்தையும் 2008இல் மாற்றினார்கள். 2015இல் கிறிஸ்தவம் என்ற சொல் பெயருக்குள் திரும்ப வந்துவிட்டது.

அதே 2007இல் துருக்கிக்கும் அதே நீதிமன்றத்தில் குட்டு விழுந்தது. 1982 அரசியலமைப்பு அங்கே மதப் பண்பாடும் ஒழுக்கமும் என்ற பாடத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. கிறிஸ்தவர், யூதர் என்று எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. அலெவி பிரிவைச் சேர்ந்த ஒரு தகப்பனார், 'நாங்களும் முஸ்லிம்கள்தான், ஆனால் இந்தப் பாடத்தில் இருப்பது எங்கள் வழிபாடே இல்லையே' என்றார். அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

சிங்கப்பூர் கதையில் யாரும் வழக்குப் போடவில்லை. அரசே போட்டது, அரசே எடுத்தது. 1984 முதல் உயர்நிலை மாணவர்கள் விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்ஃபூசிய அறநெறி போன்றவற்றில் ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் மேல்நாட்டுப் பழக்கத்தில் கெட்டுப்போகிறார்கள், மதம் படித்தால் ஒழுக்கம் வரும் என்பது கணக்கு. சில வருஷத்தில் மதப் பற்று கூடியது, மதம் பரப்பும் வேகமும் கூடியது, அரசுக்கு உதறல் எடுத்தது. 1989இல் கட்டாயத்தைக் கைவிட்டு, குடிமைப் பாடத்துக்குத் திரும்பினார்கள். மறு வருஷமே மத நல்லிணக்கச் சட்டம் வந்தது. இந்த விஷயத்தில் சிங்கப்பூரை நான் மெச்சுகிறேன். ஒரு பாடத்திட்டத்தை இத்தனை சீக்கிரம் திரும்பப் பெற்ற அரசுகள் அதிகம் இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1948 டிசம்பர். பழைய பாராளுமன்றக் கட்டடத்தில் அரசியல் நிர்ணய சபை இதைத்தான் விவாதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மதமும் தன் வழி ஒன்றுதான் கடைத்தேறும் வழி என்கிறது, இந்த வாதத்தை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் அமைதி கெடும் என்று அம்பேத்கர் வெளிப்படையாகவே சொன்னார். அப்படி வந்ததுதான் 28ஆவது பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் நடக்கலாம், ஆனால் பிள்ளையின் காப்பாளர் சம்மதம் வேண்டும்.

இந்தச் சம்மதம் என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பிள்ளை வகுப்பில் இருக்கும், வேண்டாமென்றால் நீங்கள் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் சட்டம் தலைகீழ். நீங்கள் சரி என்று சொன்னால்தான் பிள்ளை மத வகுப்புக்கோ வழிபாட்டுக்கோ போக வேண்டும். காகிதத்தில் நாம் நார்வேயைவிட எவ்வளவோ மேல். இங்கே எத்தனை பேர் அப்படி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்? கையைத் தூக்குங்கள். (யாரும் தூக்கவில்லை.) கேந்திரிய வித்யாலயாக்களில் காலையில் பாடுகிற பிரார்த்தனை பற்றிய வழக்கை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அது முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. ஆகவே அங்கே சம்மதம் என்ற பேச்சே வராது, அது மதபோதனையா இல்லையா என்பதுதான் கேள்வி.

மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு என்று 1960களிலேயே கோத்தாரிக் கல்விக் குழு பிரித்துக் காட்டியது. மத்திய அரசின் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பாடத்திட்டத்தை எதிர்த்து வந்த அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றது. இரண்டாவதற்குத் தடை இல்லை. ஆனாலும் எந்தப் பள்ளியும் அதில் கை வைப்பதில்லை, பயம். அந்தக் காலி இடத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

யாருமே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம் தமிழ் வகுப்பு செய்திருக்கிறது. அங்கே செய்யுள் பகுதியில் தேவாரம் வரும், அடுத்துத் தேம்பாவணி, அடுத்துச் சீறாப்புராணம். மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேடன் கட்டிப்போட்ட மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அழுகிறது. நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்கிறார். மான் போய், குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. இந்தப் பாடம் நடக்கும்போது எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனதில்லை, எந்தப் பெற்றோரும் விலக்குக் கடிதம் தந்ததில்லை. உமறுப்புலவர் எந்த மதம் என்று தெரியும் முன்னாலேயே மான் திரும்பி வருமா என்ற கவலை பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னும் பழைய உதாரணம் மணிமேகலை. வஞ்சி நகரில் மாறுவேடத்தில் போய், சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி என்று ஒவ்வொருவரிடமாக 'உம் கொள்கை என்ன, சொல்லும்' என்று கேட்கிறாள். கண்ணால் காண்பதை மட்டும்தான் நம்புவேன் என்கிற பூதவாதியை, உன் பெற்றோர் இவர்கள்தான் என்று எப்படித் தெரியும் என்று மடக்குகிறாள். இதைவிட நல்ல வகுப்பு கிடைக்குமா? ஆனால் அதை எழுதிய சாத்தனார் பௌத்தர். மற்றவர்களுக்கு ஆளுக்குச் சில வரிகள் கொடுத்துவிட்டு, காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளுக்கு மட்டும் காதை காதையாகக் கொடுத்திருக்கிறார். நார்வே பெற்றோரின் புகாரும் இதேதானே?

தமிழ் வகுப்பில் இன்னொரு குறையும் உண்டு. மானுக்கு ஏன் பிணை நின்றார், பிணை நிற்பது அந்தச் சமயத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று பேச நேரம் இருக்காது. பதவுரை, பொழிப்புரை, அப்புறம் நேராக இலக்கணக் குறிப்பு. பரீட்சையில் அதுதான் வரும். மதம் எதுவும் தெரியாமலே நூற்றுக்கு நூறு வாங்கலாம்.

முன்வரிசையில் தில்லிப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தப் பாடத்துக்குக் கூடுதலாக ஒரு பீரியட் கொடுத்தால் என்ன செய்வீர்கள், எந்த வகுப்பில் தொடங்குவீர்கள், எந்தப் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். கேள்வி நேரத்தில் முதலில் நீங்கள் பேசுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.