வாளேந்தியவரா, வாதாடியவரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். வரலாற்றுப் பெண்களுள் இளம் வாசகருக்கு மிகுதியும் ஊக்கம் தருபவர் வாளேந்தியவரா, வாதாடியவரா என்பது இன்றைய தலைப்பு. வாதாடியவரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வேலு நாச்சியாரைச் சொன்னார், குயிலியைச் சொன்னார், அவையும் கைதட்டியது. காரைக்குடியில் நின்றுகொண்டு சிவகங்கைச் சீமையின் அரசியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்ததற்கும், 1780இல் நாச்சியார் சீமையை மீட்டதற்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளை நம் சிறுவர் கதைகள் எத்தனை வரியில் தாண்டிவிடுகின்றன! மகளோடு விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்த காலம் அது. 5,000 குதிரை வீரரும் 5,000 காலாட்படையினரும் வேண்டுமென்று அமைச்சராயிருந்த பிரதானி தாண்டவராய பிள்ளை மைசூரை ஆண்ட ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார்; அந்த உதவி வந்து சேரும்வரை நாச்சியார் நம்பிக்கை குலையாமல் இருந்தார். அங்கே முதலில் சொல் சென்றது, தூது சென்றது. வாள் கடைசியில்தான் வந்தது. எதிரணியின் சிறந்த சாட்சியே எங்கள் பக்கமும் பேசுகிறார், நடுவர் அவர்களே.

இனி எங்கள் சாட்சி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் வந்தால் மற்ற மாணவர் கெடுவர் என்று மறுப்பு எழுந்தது. மன்னர் அந்த மறுப்பைத் தள்ளி இடம் கொடுத்தார். 1912இல் அவர் மருத்துவரானார். பின்னர் சென்னைச் சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவராக அமர்ந்து, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். மரபு என்றும் சாத்திரம் என்றும் சொல்லி எதிர்த்தவர்கள் கற்றறிந்தவர்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்லிச் சொல்லியே நாள்கள் போயின. முழுமையான தடைச்சட்டம் வந்தது 1947இல். இருபது ஆண்டுகள்! இதற்கிடையில், எந்த விடுதியும் ஏற்காத பொட்டுக்கட்டப்பட்ட குலத்துச் சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதிலிருந்து அவ்வை இல்லம் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாயிற்று.

வாளேந்தியவர் கதையைப் படிக்கும் பிள்ளை வியக்கிறது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் புத்தகத்தை மூடியதும் அப்பிள்ளை ஏந்துவதற்கு வாள் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்பதும், “உனக்கு எதற்கு இந்தப் படிப்பு” என்பவரிடம் விடை சொல்வதும் நாளைக் காலையிலேயே அவளுக்கு இயலும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் கொண்டுவிற்கப் போன காலத்தில் ஆண்டுக்கணக்கில் பெருவீடுகளைக் கட்டியாண்ட ஆச்சிமார் பிறந்த மண் இது. நீடித்து நிற்பது என்றால் என்னவென்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் வீட்டு வளவில் உட்கார்ந்து, முத்துலட்சுமி ரெட்டியின் வரலாற்றை என் மகள் வயிற்றுப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். கல்லூரியில் இடம் மறுத்த பக்கம் வந்ததும் புத்தகத்தின் மேல் கைவைத்து நிறுத்தினாள். “ஏன் ஆயா, புதுக்கோட்டை நம்ம ஊருக்குப் பக்கந்தானே? அந்தக் காலேஜ் இப்பவும் இருக்கா? போய்ப் பாத்துட்டு வருவமா?” என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம், நடுவர் அவர்களே.